ரேசியின் நீலப்பூத் தட்டு

வரதராஜாவுக்குச் சாலை போடத் தெரியும். அதில் ஓடத் தெரியாது. மெல்பேர்ணின் தென்கிழக்குத் தெருக்களில் பாதிக்கு வளைவும் வடிகாலும் வரைந்தவர் தாம்தான் என்பார். கேட்பவர் வாயைப் பிளந்தால் அந்தப் பாதி முக்காலாகும். ஆனால் லைசென்ஸ் எடுக்கப் போனால் மட்டும் கதை கந்தல். சந்தியில் வண்டியை நிறுத்தி, இந்தச் சரிவு எப்படிப் பிழை, மழை பெய்தால் வெள்ளம் எங்கே தேங்கும் என்று பக்கத்தில் இருக்கும் பரிசோதகருக்கு விளங்கப்படுத்தத் தொடங்கிவிடுவார். பின்னால் நிற்கும் டிராம் மணியடித்து அடித்துத் தொண்டை கட்டிப்போகும். மூன்றாம் முறை போனபோது பரிசோதகர் கதவைத் திறந்து இறங்கி, வீட்டுக்கு நடந்தே போய்விட்டாராம்.

ஆகவே அந்த வீட்டின் சாரதி நாகலட்சுமி. அவள் வீட்டுக்கு அருகே ஸ்பிரிங்வேல் கடைத்தெருவில் இரண்டு லொறிகளுக்கு நடுவே காரைப் பின்பக்கமாகச் செருகினால், லொறிக்காரர்கள் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொள்வார்கள். சேலைக் கொய்யகத்தை இடுப்பில் இறுக்கிச் செருகிவிட்டாள் என்றால் அவளுக்கு முன்னால் எந்த வண்டியும் பசுக்கன்றுதான்.

எழுபத்தைந்தாம் ஆண்டு ஜூன் மாதம், இங்கிலாந்தில் உலகக் கோப்பை கிரிக்கெட். லண்டன் ஓவல் மைதானத்தில் ஒரு புதன்கிழமை சிலோனும் ஆஸ்திரேலியாவும் மோதுவதாக இருந்தது. நாட்டின் பெயர் மாறி மூன்று வருடமாகியும் வரதராஜாவின் வாயில் அது சிலோன்தான். பிறந்த நாடு ஒரு பக்கம், சோறு போடுகிற நாடு மறுபக்கம். எந்தப் பக்கம் கைதட்டுவது என்று அவர் மாதக்கணக்காக யோசித்து, இடக்கை பிறந்த நாட்டுக்கு, வலக்கை சோறு போடுகிற நாட்டுக்கு, இரண்டையும் சேர்த்துத் தட்டினால் யாருக்கும் குறையில்லை என்று தீர்மானித்தார். லண்டனில் இருந்த அவருடைய பழைய வகுப்புத் தோழன் பார்த்தசாரதி டிக்கெட் எடுத்து அனுப்பியிருந்தான். டிக்கெட் வரதராஜாவின் சட்டைப் பையில் குடியேறியது. அவர் குளிக்கும்போது மட்டும் நாகலட்சுமியின் கைப்பைக்கு இடம்பெயரும்.

"ஒரு நாள் மாட்சுக்கு அரை உலகம் பறக்கிறதோ?" என்றாள் நாகலட்சுமி. "முதல் ஊர் பாப்பம். வான் ஒண்டு வாங்குவம், நான் ஓடுறன். பிறகு உங்கட மாட்ச்."

"மாட்ச் தவறினால் நான் உயிரோட இருக்கமாட்டன், லட்சுமி."

"அதுக்கும் ஒரு நாள் லீவு எடுத்து வையுங்கோ."

இப்படியாக அவர்கள் லண்டனில் இறங்கி, ஊர் திரும்பும் ஒரு ஆஸ்திரேலியச் சோடியிடமிருந்து செம்மஞ்சள் நிறக் கொம்பி வான் ஒன்றை வாங்கினார்கள். அதற்குள் கட்டில் உண்டு, காஸ் அடுப்பு உண்டு, முன்பு வைத்திருந்தவர்களின் சொக்ஸ் ஒன்றும் உண்டு. நாகலட்சுமி மெல்பேர்ணிலிருந்து கொண்டுவந்தது உடுப்புக்கு ஒரு பெட்டி, சாமானுக்கு மூன்று பெட்டி. கடலைப்பருப்பு, வறுத்த பயற்றம்மா, ரவை, மிளகாய்த்தூள், முறுக்கு உரல் எல்லாம் அதில் இருந்தன. விமான நிலையத்தில் முறுக்கு உரலைக் கையில் எடுத்துப் பார்த்த அதிகாரி அதை ஏதோ ஆயுதம் என்று நினைத்து இரண்டடி பின்வாங்கினார். கொம்பி மூன்று நாடுகளைக் கடந்தபோது மிளகாய்த்தூள் நெடியில் பின்னால் மூன்று நாட்டு நாய்களும் தும்மின.

ஒஸ்திரியாவில் ஆல்ட்சே என்கிற சிற்றூருக்கு அவர்கள் வந்து சேர்ந்தது ஒரு சனிக்கிழமை மாலை. புதன்கிழமை மாட்ச். கொம்பியின் வேகத்துக்கு லண்டன் போக மூன்று நாள் வேண்டும். ஞாயிறு விடியக் கிளம்பினால் செவ்வாய் இரவு பார்த்தசாரதி வீட்டில் சோறு.

"ஒரு ராத்திரி," என்று வரதராஜா விரலை நிமிர்த்தினார். "ஒரேயொரு ராத்திரி."

அப்போது கொம்பி கடைசி வளைவைத் தாண்டியது. வரதராஜாவின் விரல் நிமிர்ந்தபடியே நின்றுவிட்டது.

ஏரி என்றால் அது ஏரி. நாலு பக்கமும் மலைகள் குனிந்து முகம் பார்த்துக்கொண்டிருந்தன. தண்ணீர் அத்தனை தெளிவு; உள்ளே போன மீன்கள் மறைவிடம் இல்லாமல் வெட்கப்பட்டு ஓடின. மலைச்சரிவில் வீடுகள் ஒன்றன் தோளில் ஒன்று ஏறி நின்றன, கொலுப்படி போல. எல்லா யன்னலிலும் சிவப்புப் பூ. ஊசிக்கோபுரத் தேவாலயம் ஒன்று கரையிலும் நின்றது, தலைகீழாகத் தண்ணீரிலும் நின்றது. இரண்டில் எது அசல் என்று சொல்ல அந்த ஊர்ப் பாதிரியாருக்கே தயக்கம் வந்திருக்கும். மாலை வெயில் பட்டதும் உச்சிப் பனி ரோஜா நிறமானது. வரதராஜா தமது வாழ்நாளில் முதல்முறையாக ஒரு சாலையின் சரிவைப் பற்றி எதுவும் சொல்லாமல் அதைக் கடந்தார்.

நாகலட்சுமி இறங்கி, மூச்சை உள்ளே இழுத்து, சுற்றிலும் பார்த்து, தீர்ப்புச் சொன்னாள்.

"ஈ இல்லை."

ஆஸ்திரேலியாவில் இருந்து வந்தவர்கள் ஓர் இடத்துக்குக் கொடுக்கக்கூடிய பட்டங்களில் அதற்கு மேல் இல்லை.

ஏரிக்கரைப் புல்வெளியில் வான்களை நிறுத்த இடம் விட்டிருந்தவள் ரேசி. அறுபதை நெருங்கிய, அகலமான, சிவந்த கன்னமுள்ள மனிசி. சிரித்தால் புல்வெளியின் மறுகோடியில் மாடுகள் நிமிர்ந்து பார்க்கும். அவளுடைய கணவன் அலோய்ஸ் ஏரியில் மீன் பிடிப்பவர். யுத்த காலத்தில் கைதியாகி இங்கிலாந்தில் ஒரு தோட்டத்தில் வேலை செய்தபடியால் அவருக்கு ஒரு டசின் ஆங்கிலச் சொற்கள் வரும். அதில் ஒன்பது உருளைக்கிழங்கு சம்பந்தப்பட்டவை. ரேசிக்கு அதுவும் இல்லை. அவள் ஜெர்மனில் பேசினாள், நாகலட்சுமி யாழ்ப்பாணத் தமிழில் பேசினாள், இருவரும் ஒருவர் சொன்னதை மற்றவர் அச்சொட்டாக விளங்கிக்கொண்டார்கள். நடுவில் ஆங்கிலத்தோடு நின்ற வரதராஜாவுக்குத்தான் ஒன்றும் விளங்கவில்லை.

வானை நிறுத்திப் பத்து நிமிஷம் ஆகவில்லை, ரேசி ஒரு தட்டோடு வந்தாள். வெள்ளைப் பீங்கான் தட்டு, விளிம்பு நிறைய நீலப்பூ. அதில் செரிப்பழம் புதைத்த கேக், மேலே பனி பெய்த மாதிரிச் சீனித்தூள். வரதராஜா முதல் துண்டைக் கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டார். இரண்டாவது துண்டுக்குக் கண்ணைத் திறக்கவே இல்லை. கடைசித் துண்டை யார் சாப்பிட்டது என்பதில் கணவனுக்கும் மனைவிக்கும் இன்றுவரை வழக்கு.

ஞாயிறு விடிந்தது. வரதராஜா தலைசீவி, டிக்கெட்டைத் தடவிப் பார்த்து, முன் இருக்கையில் வரைபடத்தோடு தயாராக உட்கார்ந்தார். பின்னால் 'சொய்ங்' என்று நெய்யில் ஏதோ வறுபடும் சத்தம்.

"லட்சுமி, என்ன செய்யிறீர்?"

"ரவை வறுக்கிறன்."

"தட்டைக் கழுவிக் குடுத்திட்டு வெளிக்கிடுவமெல்லோ?"

நாகலட்சுமி அகப்பையோடு எட்டிப் பார்த்தாள். கொலை செய்துவிட்டு வந்து நிற்கிறவனைப் பார்க்கும் பார்வை.

"வெறுந்தட்டோ? அந்த மனிசி நேற்று முகம் தெரியாத எங்களுக்குப் பலகாரம் கொண்டந்து தந்தது. அந்தத் தட்டை வெறுமையாய்த் திருப்பிக் குடுக்கிறதோ? உங்கட அம்மா உங்களை அப்பிடித்தான் வளத்தவவோ?"

வரதராஜா வரைபடத்தை மடித்து வைத்தார். கேசரி நீலப்பூத் தட்டில் குன்று போல ஏறியது, முந்திரிகை பதிந்து, நெய் மினுங்கி. நாகலட்சுமி கொண்டுபோய்க் கொடுத்தாள். திரும்பி வந்து ஸ்ரியரிங்கில் உட்கார்ந்து திறப்பைத் திருகினாள். கொம்பி இருமியது. வரதராஜாவின் முகத்தில் ஓவல் மைதானம் விரிந்தது.

"பிட்டே! பிட்டே!"

தயவுசெய்து நில்லுங்கள் என்று ஜெர்மனில் கூவியபடி புல்வெளிக்குக் குறுக்கே ரேசி ஓடி வந்தாள். கையில் அதே தட்டு. அதில் வெண்ணெயில் பொரித்த உருண்டைகள், உள்ளே பழப்பாகு, ஆவி பறந்தது. கேசரி போன வழியை அவளுடைய கன்னம் சொன்னது; ஒரு பக்கத்தில் இன்னும் ஒட்டியிருந்தது.

நாகலட்சுமி திறப்பை எதிர்ப்பக்கம் திருகினாள். எஞ்சின் நின்றது.

"லட்சுமி..."

"பருப்பு ஊற ரெண்டு மணித்தியாலம் போதும்."

பருப்பை ஊறவைத்து, வெறும் வைன் போத்தலால் உருட்டி நசித்து, பெருஞ்சீரகம் போட்டுக் கடலை வடை சுட்டாள். வடை வாசனை தேவாலயத்துக்குள் போனதாகவும், பூசை கொஞ்சம் சுருக்கமாக முடிந்ததாகவும் கேள்வி. வடைத் தட்டுப் போனது. புகையில் வாட்டிய மீனோடு திரும்பி வந்தது. மீன் வந்த தட்டில் நாகலட்சுமி மீன் பொரியலே அனுப்பினாள், யாழ்ப்பாணத் தூள் போட்டு. முதல் வாய் வைத்த அலோய்ஸ் படகுத்துறைக்கு ஓடி, குப்புறப் படுத்து ஏரியைக் குடித்தார். ஏரி ஓர் அங்குலம் இறங்கிற்று. எழும்பி வந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, இன்னொரு துண்டு கேட்டார். தட்டு அப்பிள் சுருளோடு திரும்பிற்று.

ஞாயிற்றுக்கிழமை இப்படிப் போனது. வரதராஜா வயிறு நிறைந்தும் மனம் காய்ந்தும் உட்கார்ந்திருந்தார். முன்னால் ஏரி, அதில் வெள்ளைப் படகு, அதற்கும் மேலே மலை, மலைக்கும் மேலே பனி. எதைப் பார்த்தாலும் அழகாக இருந்தது. அதுவே அவருக்கு ஆத்திரமாகவும் இருந்தது. ஒரு மனிசன் நிம்மதியாகக் கவலைப்படக்கூட இந்த ஊரில் இடமில்லை.

திங்கள் காலை பொறியியலாளர் மூளை வேலை செய்தது. பிரச்சினையின் வேர் எது? தட்டு. தட்டு இல்லாவிட்டால்? பிரச்சினை இல்லை. நாகலட்சுமி நெஞ்சுக்கு மேல் குறுக்குக்கட்டுக் கட்டி ஏரியில் தோய்ந்துகொண்டிருந்த நேரம் பார்த்து, "நான் கழுவுறன்" என்று தட்டை எடுத்துக்கொண்டு கரைக்குப் போனார். கையை நழுவவிட்டார். தட்டு புல்லில் விழுந்து சும்மா கிடந்தது. கூழாங்கல்லில் நழுவவிட்டார். துள்ளி மறுபடி அவர் காலடிக்கே வந்தது. ஒஸ்திரியப் பீங்கான்! அவர் போட்ட எந்தச் சாலைக்கும் அந்த உறுதி வாய்த்ததில்லை. மூன்றாவது முறை கொம்பியின் பம்பரைக் குறிவைத்தார். 'சலார்!'

சத்தம் கேட்டு ரேசி வந்தாள். சிதறிக் கிடந்த நீலப்பூக்களைப் பார்த்தாள். வரதராஜா தமது முகத்தில் இருந்த துக்கம் முழுவதையும் திரட்டி வைத்துக்கொண்டு நின்றார். ரேசி கையைத் தட்டினாள்! வரதராஜாவைக் கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் முத்தம் வைத்தாள்! இடுப்பளவு தண்ணீரில் நின்ற நாகலட்சுமி அதை நன்றாகப் பார்த்தாள்.

அலோய்ஸ் மூச்சிரைக்க வந்து, தமது ஒரு டசினில் உருளைக்கிழங்கு அல்லாத மூன்று சொற்களைச் செலவழித்து விளக்கினார். பீங்கான் உடைந்தால் அதிர்ஷ்டமாம். அந்த ஊர் வழக்கமாம்.

அரைமணியில் ரேசி இரண்டு புதுத் தட்டுகளோடு வந்தாள். முந்தியதைவிடப் பெரிது. இரண்டிலும் பலகாரம் நிரம்பி வழிந்தது.

"கெட்டிக்காரன்," என்றாள் நாகலட்சுமி தலையைத் துவட்டிக்கொண்டே. "ஒண்டு ரெண்டாச்சு. இன்னும் ஒருக்கா உடையுங்கோ, நாலாகட்டும். இஞ்சயே கடை போடுவம்."

வரதராஜா வரைபடத்தை அவள் மடியில் விரித்தார். குரல் உடைந்திருந்தது. "லட்சுமி, இண்டைக்கு மத்தியானம் வெளிக்கிட்டு, நாளைக்கு முழுக்க நிக்காமல் ஓடினால் இன்னும் பிடிக்கலாம். புதன் காலமை ஓவல் வாசலில நிக்கலாம். சிலோன் உலகக் கோப்பையில விளையாடுறது இதுதான் முதல் தரம். அதுவும் ஆஸ்திரேலியாவோட. என்ர சீவியத்தில இன்னொருக்கா வராது."

நாகலட்சுமி அவரைப் பார்த்தாள். இந்த மனிசன் சின்ன விஷயத்துக்கு ஊரைக் கூட்டுவார்; பெரிய விஷயத்துக்குத்தான் குரல் இறங்கும். அவளுக்குத் தெரியும்.

"சரி," என்றாள். "நான் உங்கட மாட்சைக் கெடுத்தன் எண்டு சாகுமட்டும் சொல்லிக்கொண்டு திரிவியள். அந்தப் பழி எனக்கு வேண்டாம். கேளுங்கோ. நான் முறுக்கும் பயத்தம் பணியாரமும் சுடுறன். வானைக் கேற்றடியில திருப்பி எஞ்சினை ஓடவிட்டுக்கொண்டு நிக்கிறன். மத்தியானம் மனிசி குசினிக்குப் பின்னால கோழிக்குத் தீன் போடப் போகும். நீங்கள் தட்டை அவையின்ர மேசையில வைச்சிட்டு ஓடி வாங்கோ. அவ திரும்பக்குள்ள நாங்கள் மலைக்கு அங்கால."

"போட்டு வாறம் எண்டு சொல்லாமலோ?"

"அதை ஸ்பிரிங்வேலில இருந்து தபால்ல சொல்லுவம்."

வங்கிக் கொள்ளைக்குக்கூட அத்தனை நுணுக்கமாக யாரும் திட்டம் போட்டிருக்கமாட்டார்கள். நாகலட்சுமி இரு கையாலும் முறுக்குப் பிழிந்தாள்; வரதராஜா பணியார உருண்டை பிடித்தார், சில உருண்டை முட்டை வடிவில், சில உருளைக்கிழங்கு வடிவில். மத்தியானம் ரேசி கோழிகளைக் கூப்பிடும் சத்தம் பின்வளவில் கேட்டது. வரதராஜா முறுக்கையும் பணியாரத்தையும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடினார். மேசையில் வைத்தார். திரும்பி ஓடினார். ஐம்பது வயது மனிசன் அந்தப் புல்வெளியில் ஓடிய ஓட்டத்தை ஒலிம்பிக்காரர் கண்டிருந்தால் விட்டிருக்கமாட்டார்கள். கொம்பி உறுமிப் பாய்ந்தது. ஏரி கண்ணாடிக்குள் சின்னதாகிக்கொண்டே போனது.

"வெண்டிட்டம்!" என்று கத்தினார் வரதராஜா. "லட்சுமி, நீர் ஒரு சிங்கம்!"

மூன்றாவது வளைவில் கொம்பி சாய்ந்தபோது பின்னால் ஏதோ 'கிணிங்' என்றது.

நாகலட்சுமி வேகத்தைக் குறைத்தாள். "என்ன சத்தம்?"

வரதராஜா திரும்பிப் பார்த்தார். கழுவு தொட்டிக்குப் பக்கத்தில், துணியின் கீழ், ஈரம் காய்ந்து பளபளவென்று, ரேசியின் பெரிய தட்டுகளில் ஒன்று. அவசரத்தில் முறுக்கும் பணியாரமும் ஒரே தட்டில் ஏறியிருந்தன. மற்றது இங்கே இருந்தது.

"ஒண்டுமில்லை," என்றார் வரதராஜா, மிக மெல்லிய குரலில். அதைச் சொல்லி முடிக்க அவரால் முடியவில்லை. "...தட்டு."

கொம்பி நின்றது. மலைச்சரிவில் எங்கோ மாட்டு மணி கேட்டது.

"மற்றவையின்ர சாமானோட போகேலாது," என்றாள் நாகலட்சுமி.

"ஓம்," என்றார் வரதராஜா. "ஏலாதுதான்."

அவர் ஓர் இங்கிலீஷ் சொல்லும் சேர்த்துச் சொன்னார். அதை இங்கே எழுதுவதற்கில்லை.

திரும்பி வந்தார்கள். கேற்றடியில் எஞ்சின் ஓடிக்கொண்டேயிருந்தது. "வாசற்படியில வைச்சிட்டு ஓடி வாறன்," என்று வரதராஜா இறங்கினார். "ஒரு தட்டு நிறையக் குடுத்தாச்சு. மற்றதில ஒண்டும் வேண்டாம். வெறுமையாய் வைக்கிறன். முடிஞ்சுது கதை."

நாகலட்சுமி தட்டைப் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்தாள். அதுதான் மோசம்.

வாசற்படியில் வெயில் அடித்தது. பூச்சட்டிகளுக்கு நடுவே சுத்தமான ஒரு கல். தட்டு வைப்பதற்கென்றே வைத்த கல் மாதிரி. வரதராஜா குனிந்தார். தட்டை நீட்டினார். கல்லுக்கும் தட்டுக்கும் நாலு விரற்கடை இருக்கும்போது கை நின்றுவிட்டது.

இறக்கிப் பார்த்தார், இறங்கவில்லை. வெள்ளை வெளேரென்று அந்தத் தட்டு அவரைப் பார்த்தது. இத்தனை வருடம் தாமும் பார்த்தே இருந்ததெல்லாம், பக்கத்து வீட்டுக் கிண்ணம் சும்மா போகாமல் ஒரு பிடி சீனியாவது, இரண்டு வாழைப்பழமாவது ஏறிப் போனதெல்லாம், இந்தக் கைக்கு எப்படியோ தெரிந்திருந்தது. மூளைக்கு ஓவல் வேண்டும், கைக்கு வெட்கம். காலை மாற்றி நின்றார். சட்டைப் பையைத் துழாவினார். டிக்கெட் வந்தது, அவசரமாக உள்ளே தள்ளினார். கைக்குட்டை வந்தது. கடைசியில் ஒரு மின்ட் இனிப்புப் பொட்டலம், மெல்பேர்ணில் வாங்கியது, பாதி தீர்ந்தது. நாலு மின்ட் இருந்தன. தட்டின் நடுவில் கொட்டினார். ஒன்று ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது. நகத்தால் கிளப்பிப் போட்டார். அப்பாடா! இனி வைக்கலாம்.

கதவு திறந்தது.

ரேசி அவரையும் தட்டையும் மாறி மாறிப் பார்த்தாள். நேற்று முழுவதும் பலகாரம் கொண்டுவந்தவள் வீட்டுப் பெண். இன்று முதல்முறையாக வீட்டு ஆம்பிளை, தன் சொந்தப் பையிலிருந்து, தன் கையால், கடைசி நாலையும் தந்திருக்கிறான். அவள் ஒரு மின்ட்டை எடுத்து, கும்பிட்ட பிரசாதம் போல நாக்கில் வைத்தாள். அது இரும்பையும் கரைக்கும் உறைப்பு மின்ட். ரேசியின் கண்ணிலிருந்து பொலபொலவென்று தண்ணீர் கொட்டியது. மின்ட்டோ மனமோ, யார் கண்டார்? அவள் உள்ளே கை காட்டினாள். மேசையில் நீளமாக வெள்ளை விரிப்பு. சுவரில் அலோய்ஸின் படம், அதற்கு மாலை போட்ட மாதிரி இலைக்கொடி. இரண்டு கையையும் விரித்து ஆறு முறை காட்டினாள்: அறுபது. சாப்பிடுவது போலக் காட்டினாள். வரதராஜாவைச் சுட்டினாள், கேற்றடியில் நின்ற கொம்பியைச் சுட்டினாள். இன்று இரவு. நீங்கள் இரண்டு பேரும்.

மாட்டேன் என்பதற்கு ஜெர்மனில் என்ன சொல்? அவருக்குத் தெரியாது. தமிழில் அவருக்குத் தெரியும். ஆனால் கண்ணீர் வழிய நிற்கிற மனிசிக்கு, புருஷனின் அறுபதாம் பிறந்தநாளுக்குக் கூப்பிடும்போது, எந்தப் பாஷையில்தான் அதைச் சொல்வது?

"ஓம்," என்றார் வரதராஜா.

கொம்பிக்குத் திரும்பியபோது நாகலட்சுமி கியரில் கை வைத்தபடி இருந்தாள். "வைச்சாச்சோ?"

"இண்டைக்கு ராச்சாப்பாடு அவையளோட."

"ஆர் ஒத்துக்கொண்டது?"

வரதராஜா தமது சப்பாத்தைப் பார்த்தார். "வெறுந்தட்டை எப்பிடி வைக்கிறது, லட்சுமி? நாலு மின்ட் போட்டன்."

நாகலட்சுமி எஞ்சினை நிறுத்தினாள். பிறகு சிரிக்கத் தொடங்கினாள். சிரித்துச் சிரித்து ஸ்ரியரிங்கில் சாய்ந்தாள். ஹோர்ன் 'பாஆஆம்' என்று ஏரி முழுக்கக் கேட்டது. எதிர்மலையும் ஒருமுறை 'பாஆஆம்' என்றது.

அறுபதாம் பிறந்தநாள் விருந்தில் ஊரே இருந்தது. பித்தளை வாத்தியக் கோஷ்டி இருந்தது. வடை சுட்ட அம்மாவைப் பார்க்க மறுகரையிலிருந்து இரண்டு படகில் ஆள் வந்தது. வரதராஜா மூன்று முறை கண்கலங்கினார். இரண்டு முறை வாத்தியத்துக்கு, ஒரு முறை ஓவலுக்கு.

செவ்வாய் காலை தபால் கந்தோரிலிருந்து லண்டனுக்கு ரெலிபோன் எடுத்தார். பார்த்தசாரதி முழுக்கதையையும் கேட்டு, நெடுநேரம் சிரித்து, இரங்கிச் சொன்னான்: "கவலைப்படாதே. உன்ர கதிரையில என்ர கோட்டைப் போட்டு வைக்கிறன். ஆர் கேட்டாலும் வரதராஜா கக்கூசுக்குப் போட்டான், இப்ப வந்திடுவான் எண்டு சொல்லுறன்."

புதன்கிழமை வரதராஜா படகுத்துறையில் கால்தொங்கப் போட்டு உட்கார்ந்தார். ஏரியும் மலையும் அவருடைய துக்கத்தைச் சட்டை செய்யவில்லை. முந்தாநாளைவிட அழகாக இருந்தன. கையில் ரேசி வீட்டு ரேடியோ. எந்தப் பக்கம் திருப்பினாலும் 'கர்ர்ர்' என்றது. நாலு மலையும் சேர்ந்து காதைப் பொத்தினால் பிபிசி எப்படி உள்ளே வரும்?

அலோய்ஸ் வந்தார். ரேடியோவைப் பார்த்தார். வானத்தைப் பார்த்தார். ஏரியின் நடுவைச் சுட்டினார். "குட்," என்றார். படகை அவிழ்த்தார்.

துடுப்புப் போட்டு அவர் நடு ஏரிக்குக் கொண்டுபோனார். கரை சின்னதாகி, தேவாலயம் தீப்பெட்டியாகி, மலைகள் கொஞ்சம் விலகிக்கொடுத்த ஓர் இடத்தில் படகு நின்றது. ரேடியோ ஒருமுறை செருமியது. பிறகு, உலகத்தின் மறுகோடியிலிருந்து வருகிற மாதிரி, ஓர் இங்கிலீஷ்காரனின் நிதானமான குரல்.

ஆஸ்திரேலியா அடித்துத் தள்ளியிருந்தது. முன்னூற்றுச் சொச்சம். வரதராஜாவின் வலக்கை தொடையில் தட்டியது. பிற்பகல் சிலோன் துடுப்பெடுத்தது. ஆஸ்திரேலிய வேகப்பந்து இடி மாதிரி வந்தது. பந்து பட்டு ஆட்கள் விழுந்தார்கள், இரண்டு பேரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஆனால் அடுத்தவன் வந்து நின்றான். நின்றவன் அடித்தான். வரதராஜா படகில் எழும்பிவிட்டார்.

"நிக்கிறாங்கள், அலோய்ஸ்! பயப்பிடாமல் நிக்கிறாங்கள்!"

அலோய்ஸுக்குக் கிரிக்கெட் என்றால் என்ன என்பதே தெரியாது. ஆனால் ஒரு மனிசன் எப்போது எழும்பிக் கத்துவான் என்பது தெரியும். படகு கவிழாமல் தாம் மறுபக்கம் சாய்ந்துகொண்டு, துடுப்பை வானத்துக்குத் தூக்கி "ஹோய்!" என்றார். நாலு மலையும் "ஹோய்!" என்றன. ஓவலில் அன்று இருந்த கூட்டம் எவ்வளவோ, ஆனால் மலைகள் கைதட்டிப் பார்த்த மாட்ச் ஆல்ட்சேயில் மட்டும்தான் நடந்தது.

அப்படியே பொழுது சாய்ந்தது. தண்ணீர் தங்கமாகி, பிறகு செம்பாகி, பிறகு ரோஜாவாயிற்று. கடைசிப் பந்து முடிந்த செய்தி வந்ததும் ரேடியோ கரகரத்து ஓய்ந்தது. பார்த்தசாரதியின் கோட்டு இந்நேரம் கதிரையை விட்டு எழும்பியிருக்கும். அந்தக் கோட்டுக்கு இப்படி ஒரு பனிமலை தெரிந்திருக்குமோ?

படகு கரை தட்டியபோது நாகலட்சுமியும் ரேசியும் அங்கே நின்றார்கள்.

"என்ன, வெண்டதோ தோத்ததோ?"

"வெண்டிட்டம்," என்றார் வரதராஜா, ஒரு காலைக் கரையில் வைத்து. மற்றக் காலையும் வைத்துவிட்டுச் சொன்னார்: "தோத்தும் போனம். ஆனால் அடிச்சு விழுத்தவும் எழும்பி நிண்டு தோத்தம், லட்சுமி. நாலே நாலு விக்கெட்தான் குடுத்தவங்கள்."

"ரெண்டு நாட்டுக்காரனுக்கு இதுதான் வசதி," என்றாள் நாகலட்சுமி. "ஒரு பக்கமும் பட்டினி கிடையாது."

ரேசி ஒரு தட்டை அவர்முன் நீட்டினாள். முறுக்கும் பணியாரமும் போன தட்டு அது. மூடியிருந்த வெள்ளைத் துணியை வரதராஜா தாமே தூக்கிப் பார்த்தார். உள்ளே சூடாக, மஞ்சளாக, வெண்ணெய் மணக்க, அவர் இன்னும் பெயர் அறியாத ஏதோ ஒன்று. நின்ற இடத்திலேயே ஒன்றை எடுத்து வாயில் போட்டார். கண் தானாக மூடிக்கொண்டது.

"லட்சுமி," என்றார் வாய் நிறைய, "கடலைப்பருப்பு இன்னும் கிடக்கோ?"

"ஒரு சுண்டு அளவு கிடக்கு."

"ஊறப் போடும்," என்றார் வரதராஜா. "போத்தலை என்னட்டைத் தாரும். நான் நசிக்கிறன்."